அணையாத மஞ்சள் விளக்கு
(செக் எஞ்ஜின் லைட் பற்றி ஒரு அனுபவப் பாடம்)

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் மூன்று முறை என் அறைக் கதவைத் தட்டிவிட்டார். கவிதை எனக்கு வராது. அதற்கு நம் வகுப்பிலேயே பத்துப் பேர் க்யூவில் நிற்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஸ்பேனரும் மல்டிமீட்டரும்தான். ஆகவே சென்ற செமஸ்டர் லீவில் எங்கள் வீட்டு வண்டியோடு நான் பட்ட பாட்டையே ஒரு பாடமாக எழுதித் தருகிறேன். நாளைக்கு ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேரப்போகிற நண்பர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன். ஒரு தவறை நானே செய்திருக்கிறேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வீட்டு நிலைமை

பாப்பிரெட்டிப்பட்டியில் என் சித்தப்பா ஒரு டீசல் எஸ்.யு.வி. வைத்திருக்கிறார். 2014 மாடல். சென்னைப் பதிவெண் கொண்ட வண்டி, இரண்டாவது கையாக வாங்கியது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. எந்தக் கம்பெனி வண்டியானாலும் இதே கதை நடக்கலாம்.

அந்த வண்டி ஆடம்பரத்துக்கு வாங்கியதல்ல. தாத்தாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. செவ்வாய், வெள்ளி என வாரம் இருமுறை சேலத்துக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். மஞ்சவாடிக் கணவாய் வழியாகத்தான் போக வேண்டும். பஸ்ஸில் அவரால் உட்கார முடியாது. வண்டி நின்றால் வைத்தியம் நிற்கும். இதுதான் நிலைமை.

இப்படிப்பட்ட வண்டியில் மீட்டர் போர்டில் மஞ்சள் கலர் எஞ்ஜின் படம் எரிய ஆரம்பித்தது. முதலில் ஒரு பட்டறையில் காட்டினார்கள். ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் கரி சுரண்டினார்கள். 1,800 ரூபாய். ஒரு வாரத்தில் லைட் மறுபடி வந்தது. அடுத்த இடத்தில் ஏர் ஃப்ளோ சென்சார் மாற்றினார்கள். 6,500 ரூபாய். பத்து நாளில் மறுபடி. அதன்பின் ஈ.ஜி.ஆர். வால்வே புதிதாகப் போட்டார்கள். 11,200 ரூபாய். மறுபடியும் லைட். ஆக மொத்தம் 19,500 ரூபாய் போயிற்று, விளக்கு மட்டும் போகவில்லை. கடைசியில் ஒருவர், "கம்ப்யூட்டர் பாக்ஸ்தான் போயிருக்கு, 48,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார். இன்னொருவர், "ஈ.ஜி.ஆருக்கு பிளேட் வெச்சு அடைச்சிடலாம், லைட்டு மேல கறுப்பு டேப் ஒட்டிடலாம்" என்றார்.

நான் ஊருக்குப் போன அன்று சித்தப்பா கறவை மாட்டை விற்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா தம்பி, மூணு வருஷமா மெக்கானிக்கல்தானே படிக்கிற? இந்த லைட்டு எதுக்கு எரியுதுன்னு உனக்குச் சொல்லத் தெரியாதா?"

எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. அன்றைக்குத்தான் புத்தகத்தை எடுத்தேன்.

இந்த விளக்கு எங்கிருந்து வந்தது?

வண்டிப் புகையால் காற்று கெட்டுத் திணறிய ஊர்களில் கலிபோர்னியா முக்கியமானது. புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகளை வண்டியில் வைத்தால் மட்டும் போதாது, அவை கெட்டால் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்று அந்த மாநிலம் 1988 மாடல் வண்டிகளிலிருந்து விதி செய்தது. வண்டியே தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஓ.பி.டி. என்று பெயர். 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி கப்ளர், ஒரே மாதிரி கோடு எண் என்று ஆயிற்று. அதை ஓ.பி.டி. இரண்டு என்கிறோம்.

நம் நாட்டில் பி.எஸ். 4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்ட ஓ.பி.டி.யும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. 2010-ல் பி.எஸ். 4 முதலில் வந்த பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. நாடு முழுவதும் பி.எஸ். 4 ஆனது 2017 ஏப்ரலில்தான். ஆகவே ஒரு பழைய வண்டி கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த வருஷம், எந்த பி.எஸ். என்பதை. அதைப் பொறுத்துத்தான் சாதாரண ஸ்கேனர் பேசுமா, கம்பெனி ஸ்கேனர்தான் வேண்டுமா என்பது தெரியும். எங்கள் வண்டி சென்னையில் பதிவான பி.எஸ். 4 என்பதால் சில நூறு ரூபாய் புளூடூத் ஸ்கேனரும் ஒரு செல்போனும் போதுமானதாக இருந்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்தக் கப்ளரில் 16 கால்கள். 4, 5 இரண்டும் எர்த். 16 நேராக பேட்டரி பாசிட்டிவ். 6, 14 இரண்டும் கேன் லைன். சில பழைய வண்டிகளில் 7-ஆம் கால் கே லைன். ஸ்கேனர் உயிரே பெறவில்லை என்றால் ஈ.சி.யு.வைத் திட்டுவதற்கு முன் 16-க்கும் 4-க்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பாதி நேரம் ஃப்யூஸ் போயிருக்கும்.

விளக்கின் மூன்று நிலைகள்

1. சாவி ஆன் செய்ததும் எரிந்து, எஞ்ஜின் ஓடியதும் அணைந்தால் நலம். சாவி ஆன் செய்தும் எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது யாரோ மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய வண்டி வாங்கும்போது இதை அவசியம் கவனியுங்கள்.

2. ஓடும்போது நிலையாக எரிந்தால் கோளாறு பதிவாகிவிட்டது. வண்டி ஓடும், ஆனால் பார்க்க வேண்டும்.

3. பெட்ரோல் வண்டியில் விட்டு விட்டு மின்னினால் கடுமையான மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக் கெடுக்கும். ஓரங்கட்டி நிறுத்த வேண்டும்.

இன்னொரு விஷயம். பெரும்பாலான கோளாறுகளுக்கு விளக்கு முதல் தடவையே எரியாது. ஒரு ஓட்டத்தில் தப்பு தெரிந்தால் ஈ.சி.யு. அதைச் சந்தேகக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே சோதனை நடக்கும்போதும் தப்பு என்றால்தான் விளக்கைப் போடும். அதேபோல் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதனை நடந்து சரியாக இருந்தால் விளக்கைத் தானே அணைத்துவிடும். அதன் பிறகும் கோடு நினைவில் இருக்கும். எஞ்ஜின் 40 முறை குளிர்ந்து சூடான பின்தான் அழியும். ஈ.சி.யு. நம் ஊர்ப் பெரியவர்கள் மாதிரி: சட்டென்று குற்றம் சொல்லாது, சொன்னதைச் சட்டென்று மறக்கவும் மறக்காது.

கோடு படிக்கும் விதம்

கோடு ஐந்து இலக்கம். முதல் எழுத்து பி என்றால் எஞ்ஜினும் கியரும், சி என்றால் சேஸிஸ், பாடி சம்பந்தம் என்றால் அதற்கு வேறு ஒரு பி, யு என்றால் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான பேச்சு. (இரண்டு பி-யும் தமிழில் ஒன்று போலத் தெரியும். ஸ்கேனரில் ஆங்கில எழுத்து வேறு வேறு. கவனம்.) இரண்டாவது இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொது, 1 என்றால் அந்தக் கம்பெனிக்கே உரியது. மூன்றாவது இலக்கம் எந்தப் பகுதி என்று சொல்லும்: 1, 2 காற்றும் எரிபொருளும், 3 இக்னிஷனும் மிஸ்ஃபயரும், 4 புகைக் கட்டுப்பாடு, 5 வேகமும் ஐடிலிங்கும், 6 கம்ப்யூட்டர், 7, 8 கியர்பாக்ஸ். கடைசி இரண்டும் குறிப்பிட்ட கோளாறு.

எங்கள் வண்டியில் இருந்தது பி0401. அதன் பொருள் "ஈ.ஜி.ஆர். ஓட்டம் போதவில்லை". இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். "ஈ.ஜி.ஆர். வால்வு கெட்டுவிட்டது" என்று கோடு சொல்லவில்லை. ஓட்டம் போதவில்லை என்றுதான் சொல்கிறது. வயிறு வலி என்று டாக்டரிடம் போனால் உடனே வயிற்றை மாற்றுவாரா? கோடு என்பது நோயின் அறிகுறி. எந்த ஸ்பேர் பார்ட் வாங்க வேண்டும் என்கிற சீட்டு அல்ல.

நான் செய்த தப்பு

ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனரை மாட்டினேன். பி0401 என்று வந்தது. அடுத்து என் விரல் எங்கே போயிருக்கும்? கோடை அழி என்ற பட்டனுக்கு! லைட் அணைந்தது. சித்தப்பா முகத்தில் சிரிப்பு. சித்தி டீயோடு முறுக்கும் வைத்தார். நானும் பெரிய இன்ஜினியர் மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நண்பர்களே, அது குற்றம் நடந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதற்குச் சமம். கோளாறு பதிவாகும் அந்த நொடியில் எஞ்ஜின் என்ன ஆர்.பி.எம்., என்ன வேகம், என்ன லோடு, தண்ணீர் என்ன சூடு என்று ஈ.சி.யு. ஒரு போட்டோ பிடித்து வைக்கிறது. அதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். கோடை அழித்தால் அந்தப் போட்டோவும் அழியும். முன்னே பார்த்த பட்டறைகளும் இதையேதான் செய்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அதையே செய்தேன்.

செவ்வாய்க்கிழமை சேலம் போய் வந்தார்கள். லைட் வரவில்லை. எல்லாச் சோதனையும் எல்லா ஓட்டத்திலும் நடக்காது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

மஞ்சவாடிக் கணவாயில்

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். கணவாய்க்கு முன்னே சமதளத்தில் போகும்போதே விளக்கு எரிந்துவிட்டது. இறக்கத்தில் சித்தப்பா பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்தவர், "பிரேக்கு கொஞ்சம் கல்லு மாதிரி இருக்குடா. கொஞ்ச நாளாவே இப்படித்தான். பேட் மாத்தணும் போல" என்றார். நான் செல்போன் திரையைப் பார்த்துக்கொண்டே "சரி சித்தப்பா" என்றேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. டயாலிசிஸ் முடிந்தால் தாத்தாவுக்கு உடம்பில் சத்தே இருக்காது, பின்சீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். கணவாய் ஏற்றத்தில் பிக்கப் சுத்தமாகப் போய்விட்டது. ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தாலும் வண்டி மாட்டு வண்டி மாதிரி நகர்ந்தது. பின்னால் லாரி ஹாரன். கோளாறு பெரிதாகாமல் இருக்க ஈ.சி.யு. தானே சக்தியைக் குறைத்து ஓட்டும் நிலைக்குப் போயிருக்கிறது. லிம்ப் மோடு என்பார்கள், நொண்டி நடை என்று சொல்லலாம்.

தாத்தா மெதுவாக, "என்னாச்சு கண்ணு? வண்டி நின்னுருமா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாம் கியரில் ஊர்ந்து எப்படியோ வீடு வந்து சேர்ந்தோம்.

இரண்டு கோடு, ஒரே கேள்வி

இந்த முறை நான் எதையும் அழிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன்.

முதல் கோடு பி0401, ஈ.ஜி.ஆர். ஓட்டம் போதவில்லை. அதன் ஃப்ரீஸ் ஃப்ரேம்: 1,900 ஆர்.பி.எம்., 62 கிலோமீட்டர் வேகம், லோடு 38 சதம், தண்ணீர் 86 டிகிரி.

இரண்டாவது கோடு பி0299, டர்போ அழுத்தம் போதவில்லை. இது ஏற்றத்தில் புதிதாக வந்தது.

"ஈ.ஜி.ஆரும் போச்சு, டர்போவும் போச்சு" என்று நினைப்பது சுலபம். டர்போ விலை கேட்டால் மாடு மட்டுமல்ல, கொட்டகையும் போகும். ஆனால் நம் ஆட்டோ லேப் சார் வகுப்பில் அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது: ஒரே சமயத்தில் இரண்டு கோளாறு வந்தால், இரண்டுக்கும் பொதுவானது எது என்று முதலில் தேடு.

படம் வரைந்து பார்த்தேன். இந்த வண்டியில் ஈ.ஜி.ஆர். வால்வைத் திறப்பது வேக்குவம். டர்போவின் இறக்கைகளை நகர்த்துவதும் வேக்குவம். (வேக்குவம் இல்லையென்றால் இறக்கைகள் விரிந்தே நிற்கும், அழுத்தம் ஏறாது.) டீசல் எஞ்ஜினில் பெட்ரோல் எஞ்ஜின் மாதிரி உறிஞ்சு குழாயில் போதுமான வேக்குவம் கிடைக்காது, ஆகவே தனியாக ஒரு வேக்குவம் பம்ப் உண்டு. அந்த ஒரே பம்ப் இன்னும் ஒன்றுக்கும் வேக்குவம் கொடுக்கிறது.

பிரேக் பூஸ்டர்!

எனக்கு அப்போதுதான் முதுகில் சில்லென்றது. சித்தப்பா சொன்ன "கல்லு மாதிரி பிரேக்" மூன்றாவது கோடு. அதை எந்த ஸ்கேனரும் காட்டவில்லை, வண்டி ஓட்டுகிற மனுஷன் வாயால் சொன்னார். மூன்று பட்டறையிலும் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

சோதனை வரிசை

சனிக்கிழமை காலை கல்லூரிக்கு வந்து, சாரிடம் அனுமதி வாங்கி லேபிலிருந்து வேக்குவம் கேஜ் ஒன்று எடுத்துப் போனேன். செய்ததை வரிசையாகத் தருகிறேன்.

முதல் படி: பேட்டரி. எஞ்ஜின் நிறுத்தத்தில் 12.5 வோல்ட், ஓட்டத்தில் 14.1. சரி. வோல்ட் குறைந்தால் சென்சார்கள் எல்லாம் பொய் சொல்லும், அதனால் இதுதான் எப்போதும் முதல் படி.

இரண்டாம் படி: சாவி ஆன், எஞ்ஜின் ஆஃப். இப்போது மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் வெளிக்காற்று அழுத்தத்தையே காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் சுமார் 101 கிலோபாஸ்கல். 100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 1.2 குறையும். நம் பக்கம் 96-ஐ ஒட்டி வரும், ஏற்காட்டு மேலே போனால் 85-ஐ ஒட்டி. எங்களுக்கு வந்தது 96. சென்சார் நல்லது. செலவு பூஜ்யம்.

மூன்றாம் படி: ஏர் ஃப்ளோ சென்சார் சரியா என்று கணக்குப் போடுவது. எஞ்ஜின் 2.2 லிட்டர், நான்கு ஸ்ட்ரோக், ஐடிலிங் 800 ஆர்.பி.எம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்று இழுக்கும், ஆகவே நிமிஷத்துக்கு 400 × 2.2 = 880 லிட்டர், வினாடிக்கு 14.7 லிட்டர். நம் உயரத்தில், வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.1 கிராம். எனவே 16 கிராம். வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி 85 சதம் என்று வைத்தால் 13.7 கிராம். ஈ.ஜி.ஆர். மூடிய நிலையில் ஸ்கேனர் காட்டியது 13.5. அடுத்து, சித்தப்பா காகிதத்தில் சுற்றி வைத்திருந்த பழைய சென்சாரை எடுத்து மாட்டிப் பார்த்தேன். 13.4! அதாவது 6,500 ரூபாய் கொடுத்து மாற்றிய பழைய சென்சாரில் ஒரு குறையும் இல்லை. தெர்மல் பேப்பரில் நாம் மதிப்பெண்ணுக்காகப் போடும் அதே கணக்குதான். அது ஒரு குடும்பத்தின் பணத்தைக் காப்பாற்றியிருக்கும்.

நான்காம் படி: ஈ.ஜி.ஆர். வேலை செய்கிறதா? வால்வு திறந்தால் புகை உள்ளே வரும், அந்த அளவுக்கு வெளிக்காற்று குறைய வேண்டும். காலையில் எஞ்ஜின் லேசாகச் சூடானபோது, ஈ.சி.யு. வால்வைத் திறக்கச் சொன்னதும் 13.5 என்பது 8 ஆகக் குறைந்தது. நன்றாக வேலை செய்கிறது! இங்கே நிறுத்தியிருந்தால் "எல்லாம் ஓகே" என்று நானும் சொல்லியிருப்பேன். ஆனால் ஃப்ரீஸ் ஃப்ரேமில் 86 டிகிரி என்று இருந்ததே? எனவே ஊரைச் சுற்றி அரை மணி நேரம் சமதளத்தில் மெதுவாக ஓட்டிச் சூடாக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். இப்போது 13.5 நகரவே இல்லை. கோளாறு சூட்டில் மட்டும் வருகிறது. பட்டறைகளில் நிழலில் ஆறிய வண்டியைப் பார்த்தார்கள், அதனால் பிடிபடவில்லை.

ஐந்தாம் படி: வேக்குவம் கேஜ். பம்ப் பக்கத்தில் டீ போட்டு மாட்டினோம். எஞ்ஜின் ஆறியிருக்கும்போது 620 மில்லிமீட்டர் பாதரசம். சூடானதும் 260-க்கு விழுந்தது. அப்படியே சின்னக் ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் அழுத்தி மூடினேன். முள் 640-க்கு ஏறியது. ஆகவே பம்ப் நல்லது, கசிவு அதற்கப்புறம் இருக்கிறது. ஈ.ஜி.ஆர். பக்கக் கிளையை மூடினேன், 260. டர்போ பக்கக் கிளையையும் சேர்த்து மூடினேன், அப்போதும் 260. அப்படியானால் கசிவு பம்புக்கும் இரண்டு கிளைக்கும் நடுவில். மீதி இருப்பது ஒரு சாண் ஹோஸும் ஒரு டீ இணைப்பும்தான்.

டார்ச் அடித்துப் பார்த்தால், சூட்டுத் தகட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஹோஸ் வெடித்திருந்தது. ஆறியிருந்தால் வாய் மூடிக்கொள்ளும், சூட்டில் ரப்பர் இளகி எஞ்ஜின் ஆடும்போது வாய் பிளந்துகொள்ளும். புது ஹோஸ் 70 ரூபாய், டீ 30 ரூபாய். ஆக 100 ரூபாய்.

சூடான எஞ்ஜினில் மறுபடி பார்த்தேன்: 640. ஈ.ஜி.ஆர். திறந்ததும் காற்று 8-க்கு இறங்கியது. சித்தப்பா வாசலிலேயே பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு, "டேய், வெண்ணெய் மாதிரி போகுதுடா!" என்றார்.

இந்த முறையும் நான் கோடை அழிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கணவாய் ஏற்றத்தில் மூன்றாம் கியர், 2,200 ஆர்.பி.எம்.மில் மேனிஃபோல்டு அழுத்தம் 205 கிலோபாஸ்கல் வந்தது. முந்தின வெள்ளிக்கிழமை இதே இடத்தில் 128-ஐத் தாண்டவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து கிளம்பும்போது மஞ்சள் விளக்கு தானாகவே அணைந்திருந்தது. அது தந்த திருப்தி, முதல் நாள் சாப்பிட்ட முறுக்கில் இல்லை.

மற்ற வண்டிகளில் பார்க்க வேண்டியவை

எல்லா வண்டியிலும் வேக்குவம் ஹோஸ்தான் காரணம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நம் பக்கத்துப் பழைய வண்டிகளில் முதலில் பார்க்கத் தக்கவை இவை:

1. எலி. மரவள்ளி, சோளம் வைத்திருக்கும் கொட்டகைப் பக்கம் நிறுத்தும் வண்டியில் ஒயரிங்கைக் கடித்திருக்கும். போனட்டுக்குள் புழுக்கை தெரிந்தால் முதல் சந்தேகம் அங்கேதான்.

2. எர்த் பாயிண்ட். துரு ஏறிய ஒரு போல்ட் நாலைந்து கோடுகளைச் சேர்த்துக் கொண்டுவரும்.

3. வாட்டர் சர்வீஸுக்குப் பின் வந்த லைட். கப்ளருக்குள் தண்ணீர் போயிருக்கும்.

4. இன்டர்கூலர் ஹோஸ். பி0299 தனியாக வந்தால் முதலில் இதையும் கிளிப்பையும் பாருங்கள். வெளியே எண்ணெய்ப் பிசுக்கு தெரியும்.

5. டீசல் ஃபில்டர். ரெயில் அழுத்தம் குறைவு என்ற பி0087 வந்தால் பம்பைக் கழற்றுவதற்கு முன் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள்.

6. பெட்ரோல் வண்டியில் பி0171 வந்தால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். பி0420 வந்தால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் குறை சொல்வதற்கு முன் சைலன்சர் கசிவையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் பாருங்கள்.

உயிர் போகும் விஷயம் ஒன்று

பழைய டீசல் எஞ்ஜினில் நாம் இன்ஜெக்டர் லைனை லூஸ் செய்து ஏர் எடுத்துப் பழகியிருக்கிறோம். காமன் ரெயில் எஞ்ஜினில் அதைச் செய்யவே கூடாது! 1997-ல் கார்களுக்கு வந்த முதல் போஷ் காமன் ரெயிலிலேயே அழுத்தம் 1,350 பார். பின்னர் வந்தவற்றில் 1,600 பாருக்கும் மேல். அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல்தான் தெரியும், ஆனால் உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரிடும். கையால் தடவிக் கசிவு தேடாதீர்கள். அட்டை வைத்துப் பாருங்கள். தப்பித் தவறிக் குத்திவிட்டால் வலி இல்லை என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முடிவுரை

ஈ.ஜி.ஆருக்கு பிளேட் வைத்து, லைட்டுக்கு மேல் டேப் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடு கூடியிருக்கும். அது ஒரு பக்கம். ஹோஸ் அப்படியே வெடித்துக்கொண்டே போய், ஒரு நாள் இறக்கத்தில் தாத்தாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு சித்தப்பா பிரேக்கை மிதித்திருப்பார். அதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை.

இதிலிருந்து நான் கற்றவை நான்கு. கோடை அழிக்கும் முன் எழுது. கோளாறு எந்தச் சூட்டில் வருகிறதோ அதே சூட்டில் சோதி. பார்ட் மாற்றும் முன் அளந்து பார். இவை மூன்றும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். நான்காவது, வண்டி ஓட்டுகிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேள். அவர் டிப்ளமோ படிக்கவில்லை என்பதற்காக அவர் சொல்வது தப்பாகிவிடாது. சித்தப்பாவின் காலுக்கு என் ஸ்கேனருக்கு முன்பே விஷயம் தெரிந்திருந்தது.

கறவை மாடு இன்னும் எங்கள் கொட்டகையில்தான் இருக்கிறது. அடுத்த லீவில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வரும் நண்பர்களுக்கு அந்தப் பாலில் டீ உண்டு. வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள்!